அடுப்புக்கு ஒரு ஜன்னல்

ஹாலாஸ்யத்துக்கு ஆங்கில வார்த்தைகளின் பூர்வீகத்தைத் துருவுவதில் ஒரு பைத்தியம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு எதற்கு ஐயா இந்த வேலை என்று கேட்காத ஆள் இல்லை. மனிதர் அசரவில்லை. சனிக்கிழமை பிற்பகல் சைக்கிளை மிதித்து நூலகத்துக்குப் போவார். தலையணை கனத்தில் ஒரு அகராதி இருக்கும். வாரத்துக்கு ஒரு சொல்லின் குலம் கோத்திரத்தை விசாரித்துக்கொண்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

1979-இல் ஒத்தக்கடையில் வீடு கட்டத் தொடங்கியபோது அவரிடம் சிக்கிய சொல் 'விண்டோ'. வீட்டுக்கான படத்தையும் அவரே போட்டார். போட்டார் என்ன, பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் வாடகை வீட்டை அப்படியே காகிதத்தில் இறக்கினார். அந்த வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் இல்லை, படத்திலும் இல்லை. விறகுப் புகையில் மனைவி பட்டு இருமுவது அவருக்குக் கடிகாரச் சத்தம் போலப் பழகிவிட்டது. அங்கே ஒரு ஜன்னல் வைத்தால் தேவலை என்று அவள் ஒருமுறை சொன்னாள். பார்க்கலாம் என்றவர் மறந்தே போனார்.

சுவர் ஆளுயரம் எழும்பியிருந்த ஒரு நாள், பட்டு காபி ஃபிளாஸ்க்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவர் கொத்தனார் முத்திருளனைப் பிடித்து வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஜன்னல் என்பது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். பழந்தமிழில் அதற்குக் காலதர் என்று பெயர், காற்று வரும் வழி. விண்டோ என்றாலும், அந்தச் சொல் பிறந்த வடகடல் நாட்டார் பாஷையில், காற்றின் கண். எங்கேயோ குளிரில் கிடந்தவர்களுக்கும் நமக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறதே என்று அவருக்கு அடங்காத ஆச்சரியம். அந்தக் காலத்தில் அது சுவரில்கூட இல்லையாம். நடுவீட்டில் மூட்டிய அடுப்புப் புகை போகக் கூரையில் விட்ட ஓட்டைதானாம்.

பட்டு காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ மொதமொதல்ல அடுப்புக்குத்தான் ஜன்னல் வெச்சிருக்கா. நம்மாத்துல அடுப்புக்கு எங்கேண்ணா?"

ஹாலாஸ்யம் படத்தைப் பார்த்தார். சமையலறை என்று போட்ட இடத்தில் நாலு கோடு இருந்தது, வேறொன்றும் இல்லை.

முத்திருளன் சொன்னான்.

"இம்புட்டுக் காத்தடிக்கிற எடத்துல அடைச்சு வச்சிருக்கீகளேன்னு நானும் நெனைச்சேன் சார். ஈரச் சுவருதான், இப்பவே உடைச்சிரலாம். ஆனா ஜன்னல் நிலை மூணுதான வந்திருக்கு."

கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. மூன்றாவது அவருடைய புத்தக அறைக்கு. அதன் கீழே மேஜை போட்டுப் படிக்க வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லி அகலமாகச் செய்த நிலை. அவர் அதை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அதை எடுத்து இங்கே வை. என் ரூம்ல விட்டிருக்கறதை அடைச்சுடு."

கடப்பாரை நாலு குத்தில் செங்கலைப் பெயர்த்தது. ஓட்டை வழியே வயல் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது. பட்டு அதன் எதிரே போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சமையலறையில் அவள் சும்மா நின்று அவர் அன்றுதான் பார்த்தார்.