இறங்க விடாதவள்

டயர் வெடித்த விமானம் ஓடுபாதையின் நடுவில் ஒருபக்கம் சாய்ந்து நின்ற அந்த மதியத்தில், அக்காவின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. பின்னால் இறங்க வந்துகொண்டிருந்த சென்னை விமானத்தை மறுபடி மேலே ஏறச் சொன்னார். அது வயிற்றைக் காட்டிக்கொண்டு எங்கள் கண்ணாடிச் சுவரைக் கடந்து போனது. மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அவர் எனக்கு மூத்த அதிகாரி, பழக்கத்தில் அக்கா; நான் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தேன்.

"ஒரு நாளைக்கு நாலஞ்சு பிளேன் வர்ற ஊர்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்காத ஆளில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய ஊர்களில் இறங்கிய விமானம் பக்கவாட்டுப் பாதையில் சட்டென்று விலகிவிடும். அடுத்ததைச் சில மைல் பின்னால் வரிசையாக விடலாம். இங்கே இறங்கியது கடைசிவரை ஓடி, திரும்பி, அதே ஓடுபாதையில் ஊர்ந்து வர வேண்டும். அதுவரை அடுத்ததைத் தள்ளியே வைக்க வேண்டும். வருவது நாலே விமானம் என்றாலும் அவை சேர்ந்தாற்போல்தான் வரும். அந்த இடைவெளியை அக்கா ஒருநாளும் யாருக்காகவும் சுருக்கியதில்லை.

சென்னை விமானம் பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கு மேலே வட்டமிட்டது. ஓடுபாதை சீராகவில்லை. எரிபொருள் குறையவே விமானி திருச்சிக்குப் போய்விட்டார்.

பணி முடிந்து கீழே இறங்கி, பெட்டியில் பூட்டி வைத்திருந்த கைபேசியை எடுத்தபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. காலையிலேயே அவர் அப்பா இறந்துவிட்டார். அழைப்புகள் வந்து வந்து ஓய்ந்திருந்தன. நான்தான் காரை ஓட்டினேன். அவர் சொந்த ஊரான எழுமலை போய்ச் சேரும்போது எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டுமென்று, மகன் வந்து சேராததால் சித்தப்பா மகனைக் கொள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

சற்று நேரத்தில் அவர் அண்ணன் வந்தார், திருச்சியில் இறங்கி, கொட்டாம்பட்டி வழியாக வாடகைக் காரில். "மதுரையில எறங்க விடல" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் எங்களுக்கும் விளங்கியது, நாங்கள் திருப்பி அனுப்பிய விமானத்தில் அவரும் இருந்தார் என்று.

அக்காவின் அத்தை திரும்பி அவரைப் பார்த்தார். "நீதான அங்க இருந்த? அண்ணன் அதுல இருக்கான்னு தெரிஞ்சிருந்தா எறக்கி விட்டிருப்பேல்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அக்கா சொன்னார்: "தெரிஞ்சிருந்தாலும் எறக்கியிருக்க மாட்டேன் அத்தை. கீழ ஒரு பிளேன் நின்னுச்சு. அம்புட்டுப் பேரும் செத்திருப்பாக."

"பெத்த அப்பன் மொகத்த அண்ணனுக்குக் காட்டாதவ பேசுற பேச்சப் பாரு" என்றார் அத்தை. அக்காவின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா முகத்தை அக்காவும்தான் பார்க்கவில்லை. அதை அந்த வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தலுக்கு வெளியே அண்ணனைப் பிடித்து நேராகவே கேட்டேன்: "மேல ஏறுறப்ப ஜன்னல்ல எதுவும் தெரியலையாண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். "பாத்தேம்மா. கீழ பிளேன் சாஞ்சு நின்னுச்சு. தீயணைப்பு வண்டியும் நின்னுச்சு."

"அத உள்ள சொல்லலாம்ல?"

"சாவு வீட்ல எதுக்கும்மா பேச்ச வளத்துக்கிட்டு."

அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. விஷயம் தெரியாத அத்தையைக்கூட விட்டுவிடலாம். இவர் கண்ணால் பார்த்தவர். அக்கா காப்பாற்றிய உயிர்களில் ஒன்று இவருடையது. ஒரு வார்த்தை செலவழிக்க மனம் வரவில்லை.

அக்கா இப்போது சென்னையில் இருக்கிறார். வருகிற விமானங்களை ராடார் திரையில் பார்த்து, ஒன்றின்பின் ஒன்றாக இடைவெளிவிட்டு வரிசையில் நிறுத்துகிற வேலை. போன மாதம் எழுமலையில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. அக்காவுக்குப் பத்திரிகை இல்லை; எனக்கு வந்தது. நான் போகவில்லை. விசேஷம் முடிந்து அண்ணன் குடும்பத்தோடு சென்னை திரும்பிய மாலை, மதுரையிலிருந்து அந்த விமானத்தை ஏற்றிவிட்டது நான். அங்கே அதை வரிசையில் வாங்கிக்கொண்டது அக்கா. மறுநாள் போனில் கேட்டேன், அண்ணன் அதில் இருந்தது தெரியுமா என்று.

"தெரியாதுடி," என்றார். "தெரிஞ்சிருந்தாலும் அதே எடைவெளிதான்."