ஆரணியின் கப்பலைப் பார்க்க லு ஆவ்ர் போனோம்

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை நானும் அண்ணையும் லு ஆவ்ர் துறைமுகத்துக்குப் போய் வந்தோம். அண்ணையின் மகள் ஆரணி எஞ்சின் பகுதியில் வேலை செய்கிற கப்பலில், குடும்பத்தாரை ஏற்றிக் காட்டுகிற நாள் அது. கப்பலில் வேலை செய்கிற ஓராளுக்கு இரண்டு பேர் வரலாம்.

அது முந்தி கொன்ரெய்னர் கப்பல். பாரிஸ் லாச்சப்பலில் சாமான் கட்டிக் கொழும்புக்கு அனுப்புகிற கடை அண்ணையுடையது. கறித்தூள் பொதி கட்ட வந்த சனத்துக்கும் "என்ரை பிள்ளை கொன்ரெய்னர் கப்பலிலை" என்று சொல்லித்தான் பில் கொடுப்பார். பிறகு அந்தக் கப்பலை இராணுவச் சாமான் ஏற்ற மாற்றினார்கள். ஆரணி அதிலேயே நின்றுவிட்டாள். ஊரில் ஷெல்லடியில் வீடு போன மனிசன், மகளோடு பேச்சை விட்டார். மாதக் கடைசியில் அவள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். "அப்பா வேண்டாமெண்டால் வைக்கமாட்டன் மாமி" என்றிருந்தாள். அதனால்தான் இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

கடையிலிருந்து மஜாந்தா ஸ்ரேசனுக்கு நடந்து போய் RER E ரயில் எடுத்தால் ஒரே தரிப்பில் சென் லசார். அங்கேயிருந்து ரயில் இரண்டேகால் மணித்தியாலம். ரிக்கற் முதலே எடுத்ததால் ஓராளுக்குப் பதினெட்டு யூரோ. அண்ணை ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். நான் புட்டுப் பார்சலை அவிழ்த்தேன்.

"கோவம் மகளோடை தானே அண்ணை, புட்டோடை இல்லையே?"

"உனக்கு எல்லாம் பகிடி."

"ரிக்கற் எடுத்தது நான். பகிடியும் அதுக்குள்ளை சேர்த்திதான்."

சிரிக்கவில்லை. ஆனால் புட்டு முடிந்தது.

ஸ்ரேசனிலிருந்து துறைமுக வாசலுக்கு டாக்சி இருபத்திரண்டு யூரோ. நான் செருப்போடு போனதால் உள்ளே விடவில்லை. ஆரணி ஓடிப்போய் ஒரு சோடி சப்பாத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் என் இரண்டு காலும் போகும்.

வில்லியே லே பெல்லில் நான் இருக்கிற மாடிக் கட்டிடத்தைச் சரித்துவிட்டது போல நின்றது கப்பல். கொன்ரெய்னர் கப்பலுக்குக் கரையில் பெரிய கிரேன் வேண்டுமாம். இராணுவம் போகிற இடத்தில் துறைமுகமே உடைந்து கிடக்கலாம். அதனால் கப்பலின் முதுகிலேயே கிரேன் பூட்டி, பெட்டி அடுக்கிய குழிக்குள் தளம் போட்டு, வாகனம் ஓடி ஏறப் பக்கத்தில் சாய்தளமும் வைத்திருக்கிறார்கள்.

"ஆமிக்கு ஏனடி இந்தக் கிழட்டுக் கப்பல்?"

"வேகம் மாமி. மணிக்கு ஐம்பது கிலோமீற்றர். அந்தளவு எண்ணெய் குடிச்சா யாவாரிக்குக் கட்டாது. இவையளுக்குக் கட்டும்."

அது எனக்குள் நின்றுவிட்டது. சாமான் விற்கிறவனுக்குக் கட்டாத அவசரம், சண்டைக்குக் கட்டுகிறது.

கீழ்த்தளம் வெறுமையாக இருந்தது. நிலம் முழுக்க, சங்கிலி கொழுவ இரும்பு வளையங்கள். அண்ணை குனிந்து ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். "இதிலை என்ன வரும்?" மகளோடு மாதக்கணக்கில் பேசாதவரின் முதல் வார்த்தை அதுதான்.

ஆரணி பூசி மெழுகவில்லை. "ட்ரக் வரும். யுத்தத் தாங்கி வரும். புயலடிச்ச தீவுக்கு மாவும் தண்ணியும் போகும். என்ன ஏத்திறதெண்டு நான் தீர்மானிக்கிறேல்லை அப்பா."

"எங்கடை கடலிலை கப்பல் தெரிஞ்சால் நாங்கள் கரையிலை நிண்டு பாப்பம். மாவோ, ஆமியோ எண்டு கிட்ட வருமட்டும் தெரியாது. மா எண்டு நம்பி ஓடாமல் நிண்ட சனமும் இருக்கு."

"அப்ப வேண்டாமோ?"

அண்ணை வளையத்தை விட்டார். "வை கையெழுத்தை. ஆனா மா ஏத்தினால் போன் எடு. மற்றதெண்டால் எடுக்காதை."

நீங்களும் இப்படி ஒரு கப்பல் பார்க்கப் போவதானால்: அடையாள அட்டை கட்டாயம். மூடின சப்பாத்துப் போடுங்கள், சீலை வேண்டாம், ஏணி செங்குத்து. குளிர்ச்சட்டை கொண்டுபோங்கள். சாப்பாடு ரயிலிலேயே முடியுங்கள், உள்ளே விடமாட்டார்கள்.

அவள் கையெழுத்து வைத்தாள். வைகாசியில் ஒரு போன் வந்தது: மா, கூடாரம், ஜெனரேற்றர். அன்று கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணி. ஆனியில் போன் வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. அண்ணை தொலைபேசியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார். மூன்றாம் கிழமை நான் கடைக்குள் போனபோது, அவரே அவளுக்கு எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, என்ன ஏத்தினாய் எண்டு கேக்கேல்லை. எதை ஏத்தினாலும் எடு."