குடிலுக்கு வெட்டிய மீன்கொத்தி

பிள்ளைகளே, நேற்று நீங்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் படம் ஒட்டும்போது வந்த மைதாப் பசையின் வாசம், மேம்பாலத்துக்காக இடிக்கப்பட்ட எங்கள் ராயபுரம் சந்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே எதிர்வீட்டு ரீட்டா அத்தையிடம், துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோன கணவரின் ஞாபகமாக, அவருக்குக் கப்பல்காரர் ஒருவர் கொடுத்திருந்த மிகப் பழைய மீன்கொத்திப் படம் ஒன்று இருந்தது. கோடுகளைத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, இறகு இறகாக யாரோ கையாலேயே நீலம் தீட்டிய படம். சந்திலேயே எங்கள் குடில்தான் அழகாக இருக்க வேண்டும் என்ற வெறியில், நான் அத்தைக்குத் தெரியாமல் அதைச் சட்டத்திலிருந்து உருவி, பறவையை மட்டும் கத்தரித்து, குடிலின் வைக்கோல் கூரையில் ஒட்டிவிட்டேன்.

குடில் பார்க்க வந்த அத்தை, "இன்னாடா, எங்க வூட்டு மீங்கொத்தி மாரியே ஒன்னு குந்திகினு கீது?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. என்னோடு குடில் கட்டிய தன் மகன் ஜோசப்பை இழுத்து அறைந்தார்.

"உங்க நைனா ஞாபகம்னு கீற ஒன்னையும் வெட்டிட்டியேடா, கய்தே!"

ஜோசப் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நான்தாம்மா" என்றான். நான் வைக்கோலைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அத்தை இறந்துவிட்டார், ஜோசப் எங்கிருக்கிறானோ தெரியாது. வெட்டியது நான்தான் என்று முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.