நாலு மணி நேரத்தில் தஞ்சாவூரில் வீடு தேடியது

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூரில் டயாலிசிஸ். குத்தாலத்திலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். போய்த் திரும்பினால் அன்றைக்கு அவரால் சோற்றை அள்ளி வாயில் வைக்க முடிவதில்லை. அதனால் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, தஞ்சாவூரிலேயே ஒரு வீடு வாங்குவதென்று முடிவு செய்தோம். கீழே நாங்கள் இருக்க வேண்டும், மேலே இரண்டு குடித்தனம் வைக்க வேண்டும். அந்த வாடகையில்தான் மருந்து. ஒரே மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். அவளிடம் மாதாமாதம் கேட்க எனக்கு வாய் வராது.

இதே மாதிரி வீடு தேடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். போனது மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

காலை எட்டு மணிக்கு அவரை மெஷினில் போட்டார்கள். பன்னிரண்டுக்கு முடியும். அந்த நாலு மணி நேரம்தான் எனக்கு. ஆஸ்பத்திரி வாசலில் எழுநூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் பெயர் செல்வம்.

"வீடு பாக்கவாம்மா? நமக்குத் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் இருக்காரு."

"வேணாம்ப்பா. மூணு இடம் நானே விசாரிச்சு வச்சிருக்கேன்."

"அப்ப என் கமிஷன் போச்சு," என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

முதல் வீடு மருத்துவக்கல்லூரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். பட்டாவும் இருக்கிறது என்றார்கள். மேலே இரண்டு வீட்டிலும் நர்ஸுகள் குடியிருக்கிறார்கள். காலியானால் மறுநாளே ஆள் வரும் என்றார்கள், அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் கீழ் வீட்டில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. பூஜைக்கு ஒரு மூலைகூடக் கிடையாது. விலை எங்கள் கையில் இருப்பது முழுவதையும் தின்றுவிடும். ஆம்புலன்ஸ் சத்தம் வேறு. நின்றிருந்த கால் மணிக்குள் மூன்று தடவை கேட்டுவிட்டது.

இரண்டாவது, பைபாஸைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில் ஒரு புது நகர். நேற்று வரை நெல் விளைந்த பூமி. வீடு பளபளவென்று இருந்தது. ஆனால் சுற்றுச்சுவர் ஓரமெல்லாம் கோரை முளைத்திருந்தது. தண்ணீர் நிற்காத இடத்தில் கோரைக்கு என்ன வேலை?

செல்வமும் அதைப் பார்த்துவிட்டார். "மேல மனுசாளுக்கு வாடகைக்கு விடலாம்மா. கீழ ஐப்பசியில விராலுக்கு விடலாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் நான் சிரித்தது அது ஒரு தடவைதான்.

மூன்றாவது கரந்தைப் பக்கம், ஒரு சின்ன அம்மன் கோயில் தெருவில். பழைய வீடு. முன்னும் பின்னும் மாடியிலுமாக மூன்று குடித்தனத்துக்குத் தோது. வெளிச்சம், கிணறு, வாசலில் நின்றால் கோபுரம். விலை மற்றதில் பாதி. ஆஸ்பத்திரிதான் சற்றுத் தூரம்.

எனக்கு மனசு இரண்டுபட்டது. கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு வெள்ளைப் பூ, ஆஸ்பத்திரிச் சந்துக்குச் சிவப்புப் பூ. பூசாரி இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்தார். சாமி கும்பிட வந்த ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் முன்பணம் கொடுத்துவிட வேண்டுமே என்று ஓடினேன். வெற்றிலைத் தட்டில் ஆயிரத்தொரு ரூபாய் வைத்தேன். வீட்டுக்கார அம்மா தட்டை வாங்கிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்:

"கோயிலுக்குத் தரைவாடகை மட்டும் நீங்க தவறாமக் கட்டிடணும்."

"தரைவாடகையா?"

"மனை அம்மனோடது. கட்டடம்தான் எங்களுது. இந்தத் தெருவே அப்படித்தாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பத்திரம், பட்டா எதையும் கேட்காமல் நான் அம்மனைக் கேட்டிருக்கிறேன். அவளும் தன் மனையையே காட்டிவிட்டாள்.

"மேல வாடகைக்கு விட்டா கோயில்ல கேப்பாங்களா?"

"எல்லாரும் விடுறாங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கலை."

யாரும் கேட்காமல் இருக்கலாம். அம்மன் பூமியில் நான் குடித்தனம் வைத்து, அந்தக் காசில் அவருக்கு ஊசி போடுவதா? முடியாது என்றேன். அந்த அம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். "மனசில்லாமக் குடுத்தா எனக்கும் ஒட்டாதுங்க." அம்மன் உத்தரவு கொடுத்த பிறகு மீறியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கோயிலைத் தாண்டும்போது ஆட்டோவில் தலை குனிந்தபடியே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"பட்டா இருக்குற வீடு எது?"

"இங்கதான், பக்கத்துச் சந்து. ஒரே இருட்டுங்க. மாடிப்படி வேற படுக்கை ஜன்னலை ஒட்டியே போவுது. நர்ஸுங்க ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி பூரா ஏறி எறங்குவாங்க."

"அதையே முடிச்சிடு. உன் பேர்ல எழுதிக்க."

"உங்களுக்குத் தூக்கம் போயிடும்."

"எனக்குன்னு சொல்லலை சரசு. பின்னாடி உனக்கு ஆள் சத்தம் வேணும்."

நான் அவருக்காக வீடு தேடிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் கிடந்தபடி எனக்காகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். சரி, அதையே முடித்துவிடலாம் என்றேன். நர்ஸ் வந்து ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள், பிடித்துக்கொண்டேன்.

இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோயில் தெருக்களில் விலை மலிவாக இருந்தால் மனை யாருடையது என்று முதலில் கேளுங்கள். பூக்கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். புது நகர்களை ஐப்பசியில் போய்ப் பாருங்கள், மாசியில் எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும். மேலே குடியிருப்பவர்களிடம் வாடகை பேசுவதோடு நிறுத்தாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். பின்னால் ஒருநாள், வீட்டில் கேட்கிற குரல் அவர்களுடையதாக மட்டுமே இருக்கும்.