சாமை ஷெட்டில் ஒரு பெர்லின் ஞாயிறு

அந்த யோசனை வந்தபோது என் தலைமுடி முழுக்கச் சாமைத் தவிடு. ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். எங்கள் மலையில் சாமை போடுகிறவர்கள் கூட்டாக நடத்தும் ஷெட்டில் உமி நீக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பி.இ. எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ஊர் ஊராக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவனுக்கு இப்போதைக்கு மலையில் கிடைத்த வேலை. போன் அடித்தது. ஷெட்டுக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் குரல் அறுபடாமல் வரும் என்பதால் ஓடிப்போய் ஏறினேன்.

பெர்லினிலிருந்து என் நண்பன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. ராத்திரி முழுக்க ஒரு கிளப்பில் ஆடிவிட்டு வெளியே வந்து, ஏதோ ரொட்டிக் கடை வாசலில் நின்று பேசினான்.

“மச்சி, காது இன்னும் கொய்ங்குன்னு கீதுடா.”

“யார்டா பாட்டு போட்டாங்க?”

“யாரோ ஒரு அம்மா. வெள்ள முடி. பேர் தெர்ல.”

எனக்குப் பேர் தெரியும். அந்த வாரம் யாருக்குப் பிறகு யார் போடப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். அந்த வெள்ளை முடி அம்மாவின் பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டே இருந்து கல்லூரியில் ஒரு செமஸ்டரைக் கோட்டைவிட்டவன் நான்.

“ஹால் எப்பிடிடா கீது? அதையாவது சொல்லு.”

“பெருசு மச்சி. வெறும் சிமென்ட். முன்னாடி கரண்ட் தயாரிக்கிற எடமா இருந்துச்சாம். மேல பார்த்தா கழுத்து வலிக்கும். வேற இன்னாடா சொல்றது, அங்க வந்து நின்னாதான் தெரியும்.”

அங்க வந்து நின்னாதான் தெரியும். அவன் யோசிக்காமல் சொன்னதுதான். ஆனாலும் தொட்டியிலிருந்து இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்கினேன். ஷெட்டுக்குள் நுழைந்தால் தகரக் கூரை, சிமென்ட் தரை, த்ரீ பேஸ் கரண்ட், கூரைவரை அடுக்கிய மூட்டைகள். மெஷின் அடிக்கிற அடி உள்ளங்காலில் ஏறியது. இங்கே ஏன் கூடாது என்று தோன்றியது. சந்தோஷத்தில் தோன்றிய யோசனை இல்லை அது. வயிற்றெரிச்சலில் தோன்றியது.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் உண்டு. டெக்னோ என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை அவனுக்குக் காட்டியதே நான். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறை. அவன் வாணியம்பாடிக்காரன், தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். நான் மலையிலிருந்து போனவன். ராத்திரியில் என் இயர்போனில் ஒரு பக்கத்தை அவன் காதில் செருகுவேன். பாடுகிறவர் கிடையாது, பல்லவி சரணம் கிடையாது, ஒரே அடி மணிக்கணக்காகப் போகும், அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மாறும். அவன் ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுப்பான்.

“கிரைண்டர ஆஃப் பண்ண மறந்துட்டாங்க போல கீதுடா.”

இப்படிச் சொன்னவனைத்தான் அவன் அப்பா, தங்களிடம் தோல் வாங்குகிற கம்பெனியில் வேலை கற்றுக்கொள்ளச் சொல்லி ஜெர்மனிக்கு அனுப்பினார். போன புதிதில் சனிக்கிழமைகளில் போரடிக்கிறது என்று புலம்பினான். நான்தான் அந்தக் கிளப்பைப் பற்றிச் சொன்னேன். வாசலில் ஒருவர் நிற்பார், முகத்தைப் பார்த்தே உள்ளே விடுவதும் விரட்டுவதும் அவர் இஷ்டம் என்று படித்திருந்தேன். முதல் தடவை, தன்னோடு வேலை செய்கிற பையன்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே போனவனை அவர் தலையை மட்டும் ஆட்டித் திருப்பி அனுப்பினார். பிறகு நான் பாடம் எடுத்தேன். கூட்டமாகப் போகாதே. கறுப்புப் போடு. சிரிக்காதே. யார் போடுகிறார்கள் என்று கேட்டால் இந்தப் பெயரைச் சொல். சாமைத் தூசியில் இருமிக்கொண்டே ஜெர்மன் உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தேன். அவன் உள்ளே போய்விட்டான்.

உள்ளே போனவன் எதையாவது அனுப்புவான் என்று காத்திருந்தால் அதுவும் இல்லை. அங்கே வாசலிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். படம் கிடையாது, வீடியோ கிடையாது. உள்ளே நடப்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும். அந்த விதியைப் பற்றி ஹாஸ்டலில் நான் பெருமையாகப் பிரசங்கம் செய்திருக்கிறேன். இப்போது அந்த ஸ்டிக்கர் என் கண்மேல் ஒட்டியதுபோல இருந்தது. எனக்கு மிஞ்சியது அவன் வாய் மட்டும், அந்த வாய்க்கோ ‘செம’ என்ற ஒரு வார்த்தைதான் தெரியும். விடிகிற நேரத்தில் கனத்த பேஸ் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி விடுவார்களே, அப்போது எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

“அப்பவா? நான் ஐஸ்கிரீம் வாங்கப் போய்ட்டேன் மச்சி. உள்ளயே ஐஸ்கிரீம் கட கீது.”

அந்த ஹாலில் எந்த ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு ஐஸ்கிரீம் கடை எங்கே என்று தெரியும். ஆனாலும் போய்வந்தவன் அவன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வருவதாகவும், மலைக்கும் ஒரு நாள் ஏறிவருவதாகவும் சொன்னான். அன்றுதான் முடிவு செய்தேன். அவன் வரும் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் டெக்னோ ஓட வேண்டும். அவன் அதைக் கேட்டு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஷெட்டின் சாவி கூட்டமைப்புத் தலைவி அக்காவிடம். வீட்டு வாசலில் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழம ஷெட்டு வேணும்க்கா. பாட்டு போடணும்.”

“யார் வூட்டு கல்யாணம்?”

“கல்யாணம் இல்லக்கா.”

“காது குத்தா?”

“அதும் இல்ல. சும்மா பாட்டு கேக்கறதுக்கு.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “ஒண்ணுமே இல்லாததுக்கு யார்னா செட்டு கட்டுவாங்களாடா? ஒடம்பு கிடம்பு நல்லாத்தான கீது?”

“அந்தப் பக்கத்து ஊருங்கள்ல அப்பிடித்தான்க்கா.”

“எந்தப் பக்கத்துல?”

“ஜெர்மனில.”

அவர் சிரித்ததில் கொட்டைகள் மடியிலிருந்து உருண்டன. அங்கே ஆடுகிற என் நண்பன் வருகிறான் என்றேன். மூட்டையைத் தொடக்கூடாது, இருட்டுவதற்குள் கூட்டிப் பெருக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சாவியைத் தந்தார்.

மலைக்குக் கீழே ஒடுகத்தூரிலிருந்து சவுண்டு சர்வீஸ் அண்ணன் ஸ்பீக்கர் பாக்ஸ்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் சம்மதித்தார், ஒன்றைத் தவிர.

“மொத பாட்டு சாமி பாட்டு. அது போடாம என் செட்டு வாயத் தொறக்காது தம்பி.”

“அண்ணே, இது வேற மாதிரி நிகழ்ச்சி.”

“எந்த மாதிரினா இருக்கட்டும். சாமிக்கு அப்புறம் நீ இன்னா வேணா போட்டுக்க.”

போட்டேன். எடை மேடை மேல் லேப்டாப்பை வைத்து, சாமி பாட்டு முடிந்ததும் என் வரிசையை ஆரம்பித்தேன். தூரத்து நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் நடந்து வந்திருந்தார்கள். ஷெட்டில் செட்டு கட்டினால் யாருக்கோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள். வந்தவர்கள் சாக்கை விரித்து, பெண்கள் ஒரு பக்கம் ஆண்கள் ஒரு பக்கமாக, பாக்ஸ்களைப் பார்த்துக் குந்திக்கொண்டார்கள். கை கட்டிக்கொண்டார்கள். அடி போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் அசையவில்லை. வியர்வையோடு நான் பேஸைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து என் காதருகே மரியாதையாகக் கேட்டார்.

“டெஸ்டிங் எப்ப முடியும் தம்பி?”

நண்பன் ஜீப்பில் வந்து இறங்கியது அந்த நேரத்தில்தான். அந்த வெயிலிலும் கறுப்புத் தோல் ஜாக்கெட். வாசலில் நின்ற தலைவி அக்கா அவன் கையைப் பிடித்து ஜாக்கெட்டை மோந்து பார்த்தார்.

“இது இன்னா தம்பி, கடுக்கா வாசம் அடிக்குது?”

“எங்க ஃபேக்டரி தோல்க்கா. கடுக்காயிலதான் பதம் பண்றது. உங்க மலைலருந்து வர்றதுதான்.”

“அப்ப நாங்க பொறுக்குனது. இதப் போட்டுகினுதான் அங்க ஆடப் போறியா?”

“இதப் பார்த்துதான்க்கா வாசல்லயே உள்ள விட்டாங்க.”

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு வேறு ஒன்று தாங்கவில்லை. எங்கள் மலைக் கடுக்காய் அந்த ஹாலுக்குள் போய்வந்துவிட்டது. ஒரு காயைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படலாம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் உள்ளே வந்தான். குந்தியிருந்த கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விஷயம் புரிந்துவிட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் விட்டிருந்த வழியில் நடந்துபோய், பாக்ஸ் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி ஆட ஆரம்பித்தான். யாருக்கும் காட்டுவதற்காக ஆடவில்லை. தோள், முழங்கால், அவ்வளவுதான் அசைந்தன. பிள்ளைகள் முதலில் சிரித்தன. பிறகு ஒரு பையன் எழுந்தான். பிறகு பையன்கள். கொஞ்ச நேரத்தில் மூட்டை ஓரமாகக் குந்தியிருந்த பெண்களும் எழுந்து, இடத்தைவிட்டு நகராமல் ஆடினார்கள். தகரக் கூரை கலகலத்தது. நான் ஆண்டுக்கணக்காகக் கனவு கண்டது கண்ணெதிரே நடந்தது.

ஆனால் எல்லோரும் அவனைப் பார்த்துத்தான் ஆடினார்கள்.

“பாய் தம்பி ஆடறதப் பாரு, ஜெர்மனி டான்ஸு,” என்று யாரோ சொன்னது அடிக்கு நடுவிலும் கேட்டது. எடை மேடைப் பக்கம் ஒரு கண்கூடத் திரும்பவில்லை. நல்ல கிளப்பில் பாட்டுப் போடுகிறவனை யாரும் பார்க்கவே கூடாது, அதுதான் அழகு என்று அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்த அழகு இப்போது எனக்குக் கிடைத்திருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

எனவே, கடைசிக்கு என்று வைத்திருந்ததை முன்னாலேயே எடுத்தேன். நானே செய்த பாட்டு. மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில், உமி நீக்கும் மெஷினுக்குள் மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்து, அந்தச் சத்தத்தை வெட்டி ஒட்டி உருவாக்கியது. யாரிடமும் காட்டியதில்லை. முதலில் மெஷின் கிளம்புகிற முனகல், பிறகு மெல்ல அடி. கூட்டம் விடாமல் ஆடியது. நண்பனின் தலை நிமிர்ந்தது. அடி முழுதாக இறங்கப்போகிற இடம் வந்துகொண்டிருந்தது.

அப்போது என் அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தினமும் மெஷினில் சாமை கொட்டுகிறவர் அவர்தான்.

“எவன்டா அவன், மெஷின காலியா ஓட வுட்டவன்? பெல்ட்டு போய்டும்டா,” என்று திட்டிக்கொண்டே போய் மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தார்.

எல்லாம் நின்றது. தூக்கிய கைகள் அப்படியே இருந்தன. அத்தை மெஷின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

“ஓடவே இல்லயேடா இது.”

“இல்ல அத்த. அது பாட்டு.”

“பாட்டா? அதே மெஷினு போலவே கத்துச்சே.” கொஞ்சம் யோசித்தார். “பேரிங் சத்தங்கூட கேட்டுதே.”

சவுண்டு சர்வீஸ் அண்ணன், திடீரென்று கரண்ட்டை நிறுத்தினால் ஆம்ப்ளிஃபயர் என்னாவது என்று அத்தையிடம் சண்டைக்குப் போனார். நண்பன் நேராக எடை மேடைக்கு வந்தான். முகமெல்லாம் வேர்வை.

“கடைசியா போட்டியே, அது யாருது?”

“என்னுது.”

“டேய், சும்மா சொல்லாத.”

“இந்த மெஷின்லருந்து எடுத்தது. நான்தான் செஞ்சேன்.”

அவன் மூட்டைமேல் உட்கார்ந்தான். ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “நான் போறேன், ஆடறேன், வர்றேன். அவ்ளோதான்டா எனக்கு வரும்,” என்றான். பிறகு, “எனக்குக் குடு மச்சி. அங்க ஒரு சின்ன பார்ல, வாரத்துல ஒரு நாள் யார் வேணா பாட்டு போடலாம். நான் போட்டுக் காட்றேன்.”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வேறு ஒருவன் கையில் இருப்பதைப் பார்க்கிற பார்வை, கொஞ்சம் சிறுத்த கண், வேண்டுமென்றே சாதாரணமாக வைத்துக்கொண்ட வாய். எனக்கு நன்றாகப் பழக்கமான முகம் அது. ஒரு நிமிஷம் தித்திப்பாக இருந்தது. அடுத்த நிமிஷமே தெரிந்தது, கொடுத்தால் இந்தப் பாட்டும் எனக்கு முன்னால் அங்கே போய்விடும். அதையும் அவன்தான் கேட்பான், அந்த ஊர் ஸ்பீக்கரில்.

“இன்னும் முடிக்கலடா.”

“முடிக்காததே குடு.”

“நானே இன்னும் பெரிய பாக்ஸ்ல முழுசா கேக்கலடா. அதுக்குள்ள நீ கேப்பியா?”

அவன் சிரித்தான். வற்புறுத்தவில்லை. ஜீப் கிளம்பும்போது அவனைச் சுற்றி அவ்வளவு கூட்டம். தலைவி அக்கா அவனுக்கு ஒரு பை நிறையச் சாமை கொடுத்தார். என்னிடம் துடைப்பத்தைக் கொடுத்தார்.

மூட்டைகள் இந்த வாரம் விற்பனைக்குப் போளூருக்கு இறங்குகின்றன. காலி ஷெட்டில் சத்தம் வேறு மாதிரி திரும்பும், அதற்குத் தகுந்தமாதிரி பாக்ஸை மாற்றி வைக்க வேண்டும். அத்தையிடம் பேசிவிட்டேன். அடுத்த தடவை பதிவை மட்டும் போடப்போவதில்லை, மெஷினையே ஓடவிட்டு அதன்மேல் பாட்டை ஏற்றப்போகிறேன். அத்தை சாமை கொட்டிக்கொண்டே இருப்பார், காலியாக ஓடாது. சிக்கல் ஒன்றுதான். கரண்ட் ஏறி இறங்கும்போது மெஷினின் அடியும் ஏறி இறங்குகிறது, என் லேப்டாப் ஒரே வேகத்தில் போகிறது. மெஷினைக் கேட்டு லேப்டாப் பின்னால் வரும்படி செய்ய முடியுமா என்று நாளைக் காலையில், முதல் மூட்டையைப் பிரிக்கும்போதே பார்க்கப்போகிறேன்.