சிவப்பு மண்ணில் வீடு கட்டாத ஊர்

நான் வீடு கட்டுகிறவன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் மனை போட்டு விற்பதும் என் தொழில்தான். ஊர் பார்க்கவோ கோயில் பார்க்கவோ கப்பல் ஏறினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மலாயாவில் ஈப்போவில் என்னோடு எட்டு வருஷம் பழகிய கார்த்திகேசு, அங்கே ரயில்வே கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பியவர், எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பெண்ணுக்கு ஆவணியில் கலியாணம், சீதனமாக ஒரு கல்வீடு கொடுக்கவேண்டும், படம் போட்டு எடுத்துக்கொண்டு உடனே வரவும் என்று. 1936-ஆம் வருஷத்துப் பங்குனி மாதம் அது. ஆறு அறையும் முன்னால் ஒரு பெரிய விறாந்தையுமாக நான் போட்ட படம், என் வாழ்நாளில் நான் போட்டவற்றிலேயே அழகானது என்று அன்றைக்கு எனக்கு ஒரே கர்வம்.

தனுஷ்கோடியில் ஏறித் தலைமன்னாரில் இறங்கக் கப்பலில் இரண்டு மணி நேரம். கடல் அன்று சாதுவாக இருந்தது. மதவாச்சியில் வண்டி மாறி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது ஆனையிறவைத் தாண்டிவிட்டிருந்தது.

புதன், காலை. கொடிகாமம் ஸ்டேஷனில் கத்தரிக்காய்க் கடகங்களோடு ஒருவர் என் பெட்டியில் ஏறினார். கடகம் என்பது பனையோலையில் பின்னிய பெரிய கூடை. காய்கறி வியாபாரியாம். நான் தெல்லிப்பழைப் பக்கம் வீடு கட்டப் போகிறேன் என்றதும், எந்த மண்ணில் என்று கேட்டார். மனைக்கு நீளம் அகலம் கேட்பார்கள், விலை கேட்பார்கள். மண் என்ன நிறம் என்று என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை. தெரியாது என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெல்லிப்பழையில் இறங்கும்போது மணி ஒன்பதரை. கார்த்திகேசுவின் ஊர் அங்கிருந்து இரண்டு மைல். ஊரின் பெயரை நான் எழுதக்கூடாது என்று பின்னால் கேட்டுக்கொண்டார்கள். விலைக்குக் காணி பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம். ஒற்றை மாட்டு வண்டிக்கு நாற்பது சதம் கேட்டார்கள், கொடுத்தேன். வழி நெடுக இருபுறமும் தோட்டம். அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியவில்லை. அரைத்த குங்குமம் போன்ற சிவப்பு. புகையிலை, வெங்காயம், மிளகாய் எல்லாம் கோடு போட்ட மாதிரி நின்றன. கிணற்றுக்குக் கிணறு, நம் ஏற்றம் போன்ற துலா மரங்கள். அவற்றின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. தண்ணீர் முழுவதும் இப்படி இறைத்த தண்ணீர்தான். காவேரிக் கரையில் பிறந்த எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

கார்த்திகேசு ரோட்டிலேயே நின்றிருந்தார். ஈப்போவில் வெள்ளைக் கால்சட்டையும் கழுத்துப் பட்டியுமாகத் திரிந்தவர், இடுப்பில் கைலி போன்ற ஒரு சாரமும் மேலெல்லாம் சிவப்புப் புழுதியுமாக நின்றார். அடையாளமே தெரியவில்லை.

"வாருங்கோ. முதல் மண்ணைப் பாருங்கோ, பிறகு தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

ரோட்டோரமாக அவருக்கு இரண்டு பரப்புத் தோட்டக் காணி. நம் கணக்கில் ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. அங்கேதான் வீடு என்று கடிதத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் பாதிக் காணியில் மண்ணே இல்லை. ஒரு முழ ஆழத்துக்கு யாரோ சுரண்டி எடுத்திருக்க, அடியில் கிடந்த வெள்ளைக் கற்பாறை வெயிலில் கண்ணைக் குத்தியது. மறு பாதி உழுதபடி சிவப்பாகக் கிடந்தது. திருட்டுப் போயிற்றா என்று கேட்டேன். சிரித்தார். பிறகு நடந்து காட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

அந்த ஊர்க் கிராமச் சங்கத்தில் சில வருஷங்களுக்கு முன் ஒரு விதி செய்திருக்கிறார்கள். மலாயாக் காசு வந்து ஊரில் கல்வீடுகள் முளைக்கத் தொடங்கிய காலம். எல்லாருக்கும் ரோட்டோரம் வேண்டும். ரோட்டோரம் முழுவதும் செம்மண். இப்படியே போனால் பத்து வருஷத்தில் உழ நிலம் இராது என்று சங்கத்தார் கண்டார்கள். ஊரை மூன்றாகப் பிரித்தார்கள். சாம்பல் நிறக் கல்லுத் தரையில் குடியிருப்பு. சிவப்பில் தோட்டம். மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளமும் அதைச் சுற்றிய வெளியும் மாடுகளுக்கு; அங்கே ஒரு கொட்டில்கூடப் போடக் கூடாது. செம்மண்ணில்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவனுக்கும் ஒரு வழி வைத்தார்கள். முதலில் பாதி மண்ணைப் பாறை தெரியும்வரை அள்ளி, பயிர் விளையாத கல்லுத் தரையில் கொண்டுபோய்ப் பரப்பவேண்டும். அதில் ஒரு போகம் பயிர் நின்று காட்டவேண்டும். சங்கத்தார் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் மீதிப் பாதியையும் அள்ளிவிட்டு அஸ்திவாரம் போடலாம்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. சொந்தக் காணியில் வீடு கட்ட இப்படி ஒரு கூத்தா என்றேன். போன சித்திரையில் தானும் அப்படித்தான் கத்தியதாகவும், கத்திப் பிரயோசனமில்லாமல் மண்வெட்டியை எடுத்ததாகவும் சொன்னார். இருநூறு வண்டி மண். பாதிக்குமேல் அவரே வெட்டி ஏற்றியது. ரோட்டோர வீடுதான் வேண்டும், அதுவும் ஆறு அறையோடு வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு, அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். வீடு இல்லையென்றால் கலியாணம் இல்லை. பெண் இராசம்மாவுக்கு அப்போதே இருபத்தாறு வயது.

வியாழன், காலை ஏழு மணி. சங்கத்து அக்கிராசனர் நாகமுத்தரைப் பார்க்கப் போனேன். கார்த்திகேசுவின் மனைவிக்கு அண்ணன். சொந்த மைத்துனருக்கே சலுகை காட்டாத மனிதர். நான் சண்டை பிடிக்கத்தான் போனேன். உங்கள் பிரிவினைக்கு வரைபடம் எங்கே என்று கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி இரண்டு மணி நேரம் நடந்தார். செம்மண் முடிகிற இடத்தில் வேலிகளும் வீடுகளும் தொடங்கின. வீடுகள் முடிந்த இடத்தில் குளத்தங்கரை வெளி. நூறு மாடுகளாவது மேய்ந்துகொண்டிருந்தன. வரைபடம் காலடியிலேயே கிடந்தது. நான் வருஷம் முழுவதும் சங்கிலி போட்டு அளந்து வரைகிற கோடுகளை இவர்கள் மண்ணின் நிறத்தைப் பார்த்தே போட்டுவிட்டார்கள்.

அரசாங்கம் இதை ஒப்புக்கொண்டதா என்று கேட்டேன். கச்சேரிக்கு, அதாவது நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி, எழுதி அனுப்பியிருக்கிறது, கடதாசி இன்னும் திரும்பி வரவில்லை என்றார். அப்படியென்றால் மீறினால் என்ன செய்வீர்கள்?

"ஒண்டும் செய்யமாட்டம். எங்கடை வண்டில்காரர் கல்லு ஏத்தமாட்டினம், அவ்வளவுதான்" என்றார்.

வேண்டாம் என்றே சொல்லிவிடலாமே, மண்ணை அள்ளு என்று மனிதரை எதற்காக வதைக்கவேண்டும் என்று கேட்டேன். வேண்டாம் என்றால் கோபம்தான் வரும், தூக்கிப் பார்த்தால்தான் பாரம் தெரியும் என்றார் அவர். சண்டை பிடிக்கப் போன நான் அவர் வீட்டில் பனங்கட்டியோடு தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளி, காலை எட்டு மணி. பயிர் பார்க்கும் நாள். புதுத் தோட்டம் ஊரின் மேற்கெல்லையில், முன்பு நாகதாளிக் கள்ளியும் கல்லுமாகக் கிடந்த இடத்தில் இருந்தது. கார்த்திகேசு பாறை வெடிப்புகளில் பனையோலையை உரமாகப் புதைத்து, ஆட்டுப்பட்டி அடைத்து, அதன்மேல் மண்ணைப் பரப்பி வெங்காயம் நட்டிருந்தார். பச்சைப் பசேலென்று நின்றது. சங்கத்தார் ஐந்து பேர் வந்தார்கள். பயிரை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாம் கடப்பாரை என்பதை அங்கே அலவாங்கு என்பார்கள். அதைக் கொண்டுவந்து அங்கங்கே குத்தி, பாறையில் தட்டும்வரை இறக்கி, எவ்வளவு ஆழம் என்று கைமுழத்தால் அளந்தார்கள். ஆறு இடத்தில் ஒரு முழம் சரியாக இருந்தது. வடகிழக்கு மூலையில் ஒரு சாணிலேயே டங்கென்று கேட்டது.

கார்த்திகேசுவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நாகமுத்தர் அலவாங்கை இழுத்துத் துடைத்தார். நான்கு வண்டி மண் குறைகிறது, அதைப் போட்டுவிட்டால் மற்றப் பாதியையும் அள்ளலாம், சங்கத்துக்குச் சம்மதம் என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. இராசம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உடனே தாயிடம் சொல்ல ஓடினாள். அன்று மத்தியானம் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

சனி, காலை ஆறரை. நான் நூலும் முளையும் எடுத்துக்கொண்டு பாறைப் பக்கத்தில் விறாந்தைக்குக் குறி வைக்கத் தொடங்கினேன். நான்கு வண்டி மண்ணை மீதிப் பாதியில் எடுப்பதென்று பேச்சு. வண்டி வந்து நின்றது. கார்த்திகேசு மண்வெட்டியை ஓங்கினார், வெட்டவில்லை, இறக்கினார். மறுபடி ஓங்கினார். பிறகு மண்வெட்டியைத் தரையில் வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டதோ என்று ஓடிப் போனேன்.

"இந்தக் கையாலை ஒரு தோட்டம் ஆக்கிப்போட்டன். இனி இதை அழிக்க எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றார்.

பென்ஷன் வாங்கும் கிளார்க் பேசுகிற பேச்சா இது? ஒரு வருஷம் மண் சுமந்து மனிதர் தோட்டக்காரராகிவிட்டார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, மறைக்கவில்லை. அள்ளிய ஒரு பரப்பில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு வீடு போதும் என்றார். அப்படியானால் மூன்று அறை. விறாந்தையில் இரண்டு நாற்காலி போட்டால் நடக்க இடமிராது. என் அழகான படத்தில் பாதியை அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அடித்தேன். மூலைக்குக் குறைந்த நான்கு வண்டி மண்ணைத் தன் குடியிருப்பு வளவில் வாழை நிற்கும் இடத்திலிருந்து எடுத்துப் போட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று அவர் மனைவி அழுதார்.

ஞாயிறு, காலை ஒன்பது மணிக்குக் கார்த்திகேசுவும் நானும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க உடுப்பிட்டிக்குப் புறப்பட்டோம். வாடகைக் கார், போய் வர நான்கு ரூபாய். புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலி தாண்டி வல்லை வெளி வந்தது. மரமில்லை, வீடில்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் வானமும் தரையும் தண்ணீரும். ஏறக்குறையப் பதினான்கு மைல் பயணம். இந்த மனிதரின் பெண் மண்ணுக்காகக் கலியாணத்தை இழக்கப்போகிறாளே என்று நினைத்துக்கொண்டே போனேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் புகையிலைத் தோட்டம் செய்கிறவர், அதில் பழுத்த அனுபவம். மாப்பிள்ளை பள்ளிக்கூட உபாத்தியாயர், கதவோரமாக நின்றார். கார்த்திகேசு சுற்றி வளைக்காமல் நடந்தது முழுவதையும் சொன்னார். ஆறு அறை என்றேன், மூன்றுதான் தர முடியும் என்று முடித்தார். பெரியவர் வெகு நேரம் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"அந்தப் புதுத் தோட்டத்திலை மண் எவ்வளவு தாழ்வு?"

"ஒரு முழம். மூலையும் நிரப்பியாச்சு."

"அப்ப வீடு மூண்டறை போதும். அந்தத் தோட்டத்தை உங்கடை பிள்ளையின்ரை பேரிலை எழுதிவிடுங்கோ."

நான் கார்த்திகேசுவைப் பார்த்தேன். இருநூற்று நான்கு வண்டி மண். எதை அழிக்க மனம் வராமல் வாக்குத் தவறினாரோ அதற்கு ஈடாக, தான் ஆக்கியதைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். ஒரு விநாடிதான். "ஓம்" என்றார். உள்ளேயிருந்து மோர் வந்தது. திரும்பும் வழியில் வல்லை வெளியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, காற்றில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார்.

பத்து நாள் இருந்து மூன்று அறைக்கும் அஸ்திவாரக் கல் வைத்தேன். தோண்ட வேண்டிய வேலையே இல்லை. பாறை தயாராகக் கிடந்தது. மாலை நான்கு மணி வண்டிக்கு என்னை ஏற்றிவிட நாகமுத்தரும் வந்தார். இப்படி ஓர் ஊரை நான் பார்த்ததில்லை என்று மனம்விட்டுச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் ஊரில் மண் என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு, வண்டல் என்றேன். எத்தனை முழம் என்றார். ஆள் ஆழம் இருக்கும், யாரும் அளந்ததில்லை என்றேன். அவர் முகத்தில் தெரிந்த ஆசையை இன்னும் மறக்கமுடியவில்லை.

புறப்படுவதற்கு முந்தின தையில்தான் என் ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒன்பது ஏக்கர் நஞ்சை வாங்கியிருந்தேன். இருபோகம் விளைகிற நிலம். திரும்பி வந்த மாதத்தில் அதில் மனைக்கல் நட்டேன். நடக்கூடாது என்று ஒருநாள் நினைத்தேன், மறுநாள் நட்டேன். வண்டிக்காரர்கள் கேட்ட கூலிக்குக் கல் ஏற்றினார்கள். சங்கம் கூடவில்லை, கடப்பாரையோடு யாரும் வந்து ஆழம் பார்க்கவில்லை. ஒரு கூடை மண்ணை எடுத்து அப்பால் வை என்று என்னிடம் சொல்ல எங்கள் ஊரில் ஓர் ஆள் இல்லை. இப்போது அங்கே நாற்பது வீடுகள் இருக்கின்றன. எல்லாம் நான் கட்டியவை. அந்தக் கறுப்பு மண் முழுவதும் அவற்றின் அடியில் கிடக்கிறது.