தலைகீழாகக் கிட்டார் வாசித்த சுலோ

சுலோச்சனா போய்விட்டாள். காலையில் அவள் மகள் போன் பண்ணிச் சொன்னாள்... தூக்கத்திலேயே.

எண்பதுகளில் சூரமங்கலத்தில் ஒரே ஆபீஸில் நாங்கள் இரண்டு பேரும் டைப்பிஸ்ட். பக்கத்துப் பக்கத்து மெஷின். ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வாயும் நிற்காது, விரலும் நிற்காது.

துபாயிலிருந்து வந்த அவள் அண்ணன் ஒரு கேசட் கொண்டுவந்தார். கூடவே அந்தப் பாட்டின் ஸ்வரங்களை அச்சடித்திருந்த, வெளிநாட்டுப் பத்திரிகையில் கிழித்த ஒரு பக்கம். கேசட்டில் யாரோ ஒருவர் பழைய மேல்நாட்டு வயலின் சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டாரில் மின்னல் வேகத்தில் வாசிக்கிறார். அதற்கு நியோ கிளாசிக்கல் ராக் என்று பெயர் இருப்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது.

"ஏம்புள்ள, இத்தனை கீயை அடிக்கிற நமக்கு ஆறு கம்பி வராதா?" என்றாள். மாட்டிக்கொண்டேன்.

ஆபீஸ் ஆர்கெஸ்ட்ராவின் பழைய கிட்டார் ஒன்று, அவள் அண்ணனுடையது ஒன்று. மதியச் சாப்பாடு முடிந்ததும் ரெக்கார்டு ரூமில் பிராக்டிஸ். ஒரு கம்பியில் மூன்று ஸ்வரம், உடனே அடுத்த கம்பிக்குத் தாவ வேண்டும்... விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

அந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் ஒரு குறி. ஒன்று இங்கிலீஷ் 'வி' மாதிரி, இன்னொன்று மேஜை மாதிரி. 'வி'யின் முனை கீழே பார்ப்பதால் அது கீழ் அடி, அதாவது கம்பியை மேலிருந்து கீழே மீட்டுவது, மேஜை என்றால் மேல் அடி என்று சுலோ முடிவு பண்ணினாள். அதை டைப் அடித்து, கார்பன் வைத்து எனக்கும் ஒரு காப்பி கொடுத்தாள்.

அப்படியே ஆறு மாதம் பழகினோம்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸ் மேடையில் ஐந்து நிமிடம் கிடைத்தது. அவள் ஒரு வரி வாசித்தால் நான் பதில் வரி வாசிக்க வேண்டும். மூன்று நாள் முன்னால் ஆர்கெஸ்ட்ரா கிட்டார்காரர் எங்கள் பேப்பரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். 'வி' என்றால் மேல் அடியாம். மொத்தமும் தலைகீழ்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிகழ்ச்சியிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடலாம் என்றேன். சுலோ அவரிடமே கேட்டாள், சத்தம் மாறுமா என்று. பெரிதாக மாறாது என்றார்.

"அப்பறம் என்னுங்க, தலைகீழாவே வாசிச்சுக்கறோம்."

மேடை. எதிரே மொத்த ஆபீஸும் பொரி தின்றபடி. சுலோ முதல் வரியைச் சுத்தமாக வாசித்தாள். என் முறை வந்தது... கை நகரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் என் வரியையும் சேர்த்து வாசித்துச் சமாளித்திருப்பார்கள். இவள் காத்திருந்தாள். என் வரிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் காலால் தாளம் போட்டுக்கொண்டு சும்மா நின்றாள். பிறகு தன் இரண்டாவது வரி. மறுபடியும் எனக்காக நின்றாள். முன்வரிசையில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாவது தடவை என் பக்கம் சாய்ந்தாள்.

"அது உன்ற எடம் புள்ள. நான் எடுக்கமாட்டேன்."

அழுகை வந்தது, அவள் மேல் கோபம் வந்தது, எப்படியோ கையும் வந்தது. இரண்டு ஸ்வரம் தப்பு, வேகமும் போதாது. ஆனாலும் கடைசி வரைக்கும் விடவில்லை.

இறங்கியதும் அவள் கேட்டது ஒன்றுதான், பொரி மிச்சம் இருக்கிறதா என்று.

நாளைக் காலை ஆட்டையாம்பட்டியில் எடுக்கிறார்கள். பழைய ஆபீஸ்காரர்கள் முடிந்தால் வாருங்கள்.

சுலோ... அன்றைக்கு நீ என்னைக் காப்பாற்றாமல் விட்டதற்கு ஒரு தேங்க்ஸ்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன் புள்ள.

போயிட்டு வா.